காய் விட்டாச்சு, பழம் எப்போ?



நம் பள்ளியில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் சண்டை வந்தால் காய் விடுவார்கள். மறுநாள் இன்டர்வெல்லில் ஒரு முறுக்கை உடைத்து ஆளுக்குப் பாதி தின்றுவிட்டுப் பழம் விட்டுவிடுவார்கள். பெரிய வகுப்புக்கு வந்த நமக்கோ காய் விட மட்டும்தான் தெரிகிறது! எங்கள் வகுப்பில் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு பேச்சை நிறுத்திய இரண்டு தோழிகள் இன்னும் பேசவில்லை. ஏன்டி என்று கேட்டால், "அவளே முதல்ல வந்து பேசட்டும்" என்கிறார்கள், இரண்டு பேரும்!

கோபமே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எருசலேம் தேவாலயத்தில் காசு மாற்றுகிறவர்களின் மேசைகளை இயேசுவே கவிழ்த்திருக்கிறார். ஆனால் கோபத்துக்கு ஒரு கெடு உண்டு. எபேசியர் 4-ம் அதிகாரத்தில் பவுல் வைக்கும் கெடு, அன்றைய சூரியன் மறையும் வரைதான். நாம என்னடான்னா மாசக்கணக்கா இழுக்கிறோம்.

சரி, யார் முதலில் போவது? ஞாயிறு பள்ளியில் படித்த இரண்டு இடங்களைச் சேர்த்துப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மத்தேயு 5:23, 24-ல், அடுத்தவருக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையைக்கூட அங்கேயே வைத்துவிட்டு நீ போ என்கிறார் இயேசு. இதைக் கேட்டவர்கள் கலிலேயாவில் இருந்தார்கள். காணிக்கை செலுத்தும் பலிபீடமோ எருசலேமில், நூறு கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு தூரம் நடந்து வந்தவனையே திரும்பிப் போகச் சொல்கிறார்! மத்தேயு 18:15-ல், அவன் உனக்குத் தப்பு செய்திருந்தாலும் நீ போ, அதுவும் தனியாகப் போய்ப் பேசு என்கிறார். ஆக, தப்பு யார் மேல் இருந்தாலும் போக வேண்டியது "நீ"தான்!

நாம் செய்வது தலைகீழ். அவளிடம் மட்டும் சொல்ல மாட்டோம், மீதி வகுப்பு முழுக்கச் சொல்லிவிடுவோம். சின்னச் சண்டை பெரிதாவதே இப்படித்தான்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். யாராவது அடித்தாலோ மிரட்டினாலோ அதைப் பொறுத்துக்கொண்டு தனியாகப் போக வேண்டியதில்லை. டீச்சரிடமும் வீட்டிலும் சொல்லத்தான் வேண்டும். தனியாகப் பேசித் தீராவிட்டால் வேறு ஆட்களைக் கூட்டிப் போகலாம் என்று அதே அதிகாரத்தில் அடுத்த வசனமே சொல்கிறது.

இது கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மட்டுமா? சூரியன் எல்லாருக்கும்தானே மறைகிறது! பொதுத்தேர்வு முடிந்தால் ஒருத்தி பிளஸ் ஒன், ஒருத்தி பாலிடெக்னிக், ஒருத்தி வேற ஊர். அப்புறம் பேசணும்னு தேடினாலும் பக்கத்து பெஞ்சில் அவள் இருக்க மாட்டாள்.

பெரிய வசனமெல்லாம் பேச வேண்டாம். "எனக்கு இன்னும் வருத்தம் இருக்கு, ஆனா உன்கூடப் பேசாம இருக்க முடியல" என்றால் போதும். இன்று கடைசி மணி அடிப்பதற்குள் சொல்லிப் பாருங்களேன்!

காய் விட ஒரு நொடி, பழம் விடவும் ஒரு நொடிதான்!

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி