வாய் பொத்திய கை

நமது வகுப்பறையில் தினந்தோறும் நாம் பிறப்பிக்கும் கட்டளை ஒன்று உண்டு. "கையைக் கட்டு! வாயைப் பொத்து!" என்பதே அது. இருபது வருஷத்துக்கு மேலாக உபாத்தியாயர் தொழில் பார்த்து வரும் நாம், இதை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்போமென்று கணக்கு வைத்துக் கொள்ளவில்லை. ஒரு கையை மார்போடு அணைத்துக் கொண்டு, மற்றொரு கையால் வாயைப் பொத்திக் கொண்டு குழந்தைகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும் காட்சி, கல்வி அதிகாரி வரும் நாட்களில் வெகு லட்சணமாயிருக்கும். "அடடா! என்ன ஒழுங்கு! என்ன அடக்கம்!" என்று சொல்லிவிட்டு அவர் போவார். நமக்கும் உச்சி குளிர்ந்து போகும்.

அந்தக் குளிர்ச்சி சமீபத்தில் நம்மை விட்டு அடியோடு போய்விட்டது. காரணம், பதினேழே நிமிஷம் ஓடும் ஒரு சின்னஞ்சிறு படம்.

2024-ம் வருஷம் மே மாதம் 15-ந் தேதி, பிரான்ஸ் தேசத்தின் தென்கடற்கரையிலுள்ள கான் நகரத்துப் படவிழாவுக்கு ஒரு நடிகை வந்தார். அந்த விழாவின் சிவப்புக் கம்பளத்தில் நடக்கும் நட்சத்திரங்கள் என்ன செய்வார்கள் என்பது நேயர்கள் அறிந்ததே. புன்னகை புரிவார்கள், கையை வீசுவார்கள், உடுத்தியிருக்கும் உடை நாலு பக்கமும் தெரியும்படி திரும்பித் திரும்பி நிற்பார்கள். இந்த அம்மாளோ, தம்முடன் வந்தவர்களோடு படிக்கட்டில் நின்று கைகளால் வாயைப் பொத்திக் கொண்டார். அந்தப் புகைப்படத்தைப் பார்த்ததும் நமக்குத் தூக்கி வாரிப் போட்டது. நமது வகுப்பறையில் "அடக்கம்" என்று பெயர் பெற்ற அதே அபிநயம், அங்கே ஒரு கொடுமைக்கு அடையாளமாகி நின்றது!

அந்த அம்மாளின் பெயர் ஜூடித் கோத்ரேஷ். 1972-ம் வருஷத்தில் பிறந்த இவர், பாலப் பருவத்திலேயே நடிக்க வந்தவர். 14-வது வயதில், தம்மைவிட 25 வயது மூத்த ஒரு டைரக்டரின் படத்தில் நடிக்கப் போனார். டைரக்டர் "நில்" என்றால் நிற்பதும், "சிரி" என்றால் சிரிப்பதும், "அழு" என்றால் அழுவதும் அந்தச் சிறுமியின் உத்தியோகம். அப்படிப்பட்ட ஸ்தானத்தில் இருந்தவர் தமது அறியாப் பருவத்தைச் சூறையாடினார் என்று, ஏறக்குறைய நாற்பது வருஷத்துக்குப் பிறகு, 2024 பிப்ரவரியில் அவர் போலீஸில் புகார் கொடுத்தார். வேறொரு டைரக்டர் மீதும் புகார் சொன்னார். இருவரும் குற்றத்தை மறுத்திருக்கிறார்கள். தீர்ப்புச் சொல்வது நியாயாதிபதிகளின் வேலை, நமது வேலையன்று. ஆகையால் அவர்கள் பெயரை நாம் இங்கே எழுதவில்லை.

நமக்கு முக்கியமாகத் தோன்றுவது அவர் அடுத்தபடியாகச் செய்த காரியந்தான். தம்மைப் போல் துன்பப்பட்டவர்கள் தமக்கு எழுதலாமென்று ஒரு மின்னஞ்சல் விலாசத்தைப் பகிரங்கமாக அறிவித்தார். ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்து குவிந்தன. எழுதியவர்கள் நடிகைகள் மட்டுமல்ல. ஸினிமாக் கொட்டகைக்கு டிக்கட் வாங்கிப் போவதைத் தவிர ஸினிமாவோடு வேறு சம்பந்தமே இல்லாத சாதாரண ஜனங்களும் எழுதினார்கள். இத்தனை கடிதங்களையும் மேஜைக்குள் வைத்துப் பூட்ட அவருக்கு மனம் வரவில்லை. 2024 மார்ச் மாதத்தில், எழுதியவர்களையெல்லாம் பாரிஸ் நகரின் ஒரு வீதிக்கு வரும்படி அழைத்தார். சுமார் ஆயிரம் பேர் வந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், ஆண்களும் இருந்தார்கள். அந்தக் கூட்டத்தை வைத்து அவர் எடுத்த படத்துக்கு "முவா ஓஸி" என்று பெயர். "நானுந்தான்" என்று அர்த்தம். கான் விழாவின் ஒரு பிரிவுக்கு அதுவே ஆரம்பப் படமாக அமைந்தது.

இந்தப் படத்தில் கதாநாயகன் கிடையாது, வில்லன் கிடையாது, பார்ப்பவர் பதறும்படியான கோர சம்பவமும் கிடையாது. ஒரு வீதி, அதில் நிற்கும் ஆயிரம் முகங்கள், அவர்களுக்கு நடுவே நாட்டியமாடிச் செல்லும் ஓர் இளம் பெண். அவர் கோத்ரேஷின் சொந்தப் புதல்வியான டெஸ் பார்த்தலேமி. பின்னணியில், கடிதங்களில் வந்த அனுபவங்கள் குரல்களாக ஒலிக்கின்றன. அவ்வளவுதான். ஆனால் அந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க ஓர் உண்மை மனத்தில் இறங்குகிறது. "எனக்கு மட்டுந்தான் இப்படி நேர்ந்தது" என்று ஒவ்வொருவரும் எத்தனையோ வருஷம் நினைத்திருக்கிறார்கள். ஆயிரம் பேரும் தனித்தனியே ஆயிரம் அறைகளில் அந்த நினைவோடு அடைபட்டுக் கிடந்திருக்கிறார்கள். வீதிக்கு வந்த பிறகுதான், அடுத்த அறையிலும் ஆள் இருந்தது தெரிகிறது.

"அதெல்லாம் சரி, ஸ்வாமி! அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதோ? நாற்பது வருஷம் கழித்து எதற்காகச் சொல்ல வேண்டும்?" என்று கேட்பவர்கள் எந்த தேசத்திலும் உண்டு. நியாயமான கேள்வி போலத்தான் தோன்றும். ஆனால் காரியம் நடக்கும் விதத்தைச் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும். முன்பின் அறியாத திருடன் வீட்டில் புகுந்தால் குழந்தை கூச்சல் போடும். புகுந்தவர் குழந்தை கை கூப்பி வணங்கக் கற்றவராயிருந்தால்? முதலில் அவர் புகழுவார். "இத்தனை பேரில் உனக்குத்தான் மூளை" என்பார். பரிசு கொடுப்பார். பெற்றோரிடமும் நல்ல பெயர் எடுத்துக் கொள்வார். பிறகு, "இது நமக்குள் இரகசியம்" என்று ஆரம்பிப்பார். கடைசியில், "சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?" என்பார். குழந்தைக்கு நேர்ந்ததைச் சொல்ல வார்த்தையே தெரியாது. "நானும் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் போலிருக்கிறது" என்ற பயம் மட்டும் நன்றாய்த் தெரியும். அந்தப் பயத்தின் பூட்டைத் திறக்கச் சிலருக்கு நாலு வருஷமாகிறது, சிலருக்கு நாற்பது.

பிரான்ஸ் தேசத்தின் சட்டமும் இதைத் தாமதமாகவே உணர்ந்தது. சிறு குழந்தையின் விஷயத்தில்கூட, பலாத்காரமோ மிரட்டலோ நடந்ததென்று நிரூபிக்க வேண்டிய நிலைமை அங்கே இருந்து வந்தது. 2021 ஏப்ரல் 21-ந் தேதிச் சட்டந்தான், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் சம்மதம் என்ற பேச்சுக்கே பெரியவர்கள் விஷயத்தில் இடமில்லை என்று பொதுவிதி வகுத்தது. அதே வருஷம் அக்டோபர் மாதத்தில், அந்நாட்டுக் கத்தோலிக்க சபையே ஏற்படுத்திய சுதந்திரக் குழுவொன்று தன் அறிக்கையை வெளியிட்டது. 1950 முதல் 2020 வரையில், குருமார்களாலும் துறவிகளாலும் கெடுக்கப்பட்ட குழந்தைகள் சுமார் 2,16,000 பேர் என்று அது மதிப்பிட்டது. சபையின் ஸ்தாபனங்களில் பணி செய்த மற்றவர்களையும் சேர்த்தால் 3,30,000! ஸினிமா முதலிய கலைத் துறைகளைப் பற்றி விசாரிக்க, கோத்ரேஷின் வற்புறுத்தலுக்குப் பிறகு, 2024 மே மாதத்தில் பிரெஞ்சுப் பார்லிமெண்டு ஒரு விசாரணைக் கமிஷனை நியமித்தது. அது 2025 ஏப்ரலில் 86 சிபார்சுகள் செய்தது.

"பிரெஞ்சுக்காரர்கள் நாகரிகமே அப்படித்தான், நம் நாட்டில் இதெல்லாம் ஏது?" என்று சொல்லிப் பெருமூச்சு விட நமக்கும் ஆசைதான். ஆனால் நமது இந்திய சர்க்காரின் பெண்கள், குழந்தைகள் நல மந்திரி இலாகாவே 2007-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டது. 13 ராஜ்யங்களில் 12,447 குழந்தைகளை விசாரித்ததில், 53 சதவீதம் பேர் ஏதாவது ஒரு விதத்தில் இந்தத் துன்பத்துக்கு ஆளானதாகச் சொன்னார்கள். துன்பம் செய்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அல்லது அதன் நம்பிக்கைக்குப் பாத்திரமானவர்கள். மாதா, பிதா, குரு, தெய்வம் என்று வரிசை சொல்லி வளர்க்கும் நாட்டில், அந்த வரிசைக்குள்ளேயே ஒளிந்து கொள்கிறவனை என்ன செய்வது?

இந்த இடத்தில் நமது சொந்தக் குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல வருஷங்களுக்கு முன்னால், வேறோர் ஊரில் நாம் வேலையிலிருந்தபோது, எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கணக்கில் கெட்டிக்காரன். ஒரு நாள் அவன் தாயார் வந்து, "ஸார், டியூஷன் வாத்தியார் வீட்டுக்குப் போகவே மாட்டேன் என்கிறான். நீங்கள் சொன்னால் கேட்பான்" என்று முறையிட்டார். பையனைக் கூப்பிட்டோம். வந்து, கையைக் கட்டிக் கொண்டு நின்றான். "ஏண்டா, பெரியவர் உனக்காக எவ்வளவு சிரமப்படுகிறார்? நன்றி இருக்க வேண்டாமா? ஒழுங்காய்ப் போ!" என்றோம். ஒரு நிமிஷம் நம் முகத்தைப் பார்த்தான். "சரி, ஸார்" என்றான். போனான்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு, வேறொரு குழந்தையின் மூலமாக அந்த வீட்டு விஷயம் வெளிப்பட்டது. அதற்குள் பையனின் குடும்பம் ஊரை விட்டே போய்விட்டது. அவனிடம் மன்னிப்புக் கேட்கும் பாக்கியம் இன்றுவரை நமக்குக் கிட்டவில்லை. அவன் சொன்னதை நாம் நம்பவில்லை என்பதல்ல நமது குற்றம். "ஏன் போக மாட்டேன் என்கிறாய்?" என்று ஒரு வார்த்தை நாம் கேட்கவே இல்லை. கேள்வி கேட்பதையே தொழிலாகக் கொண்ட நாம், கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்காமல் விட்டோம். பாரிஸ் வீதியில் நின்ற ஆண்களின் முகங்களைப் படத்தில் பார்த்தபோது, அந்தப் பையன் இப்போது எந்த ஊரில், எந்த வீதியில் நிற்கிறானோ என்று நெஞ்சு துடித்தது.

இப்போது நமது தேசத்தில் சட்டம் இருக்கிறது. குழந்தைகளை இத்தகைய குற்றங்களிலிருந்து காக்கும் "போக்ஸோ" சட்டம், 2012 நவம்பர் 14-ந் தேதி, குழந்தைகள் தினத்தன்று, அமுலுக்கு வந்தது. ஆண் குழந்தை, பெண் குழந்தை என்ற பேதம் அதில் இல்லை. உபாத்தியாயர், உறவினர், போலீஸ்காரர், ஆஸ்பத்திரி ஊழியர் போன்றவர்கள் செய்தால் தண்டனை அதிகம். விஷயம் தெரிந்த எவரும் போலீஸில் தெரிவித்தே தீர வேண்டும், மறைப்பதும் குற்றம். குழந்தையின் பெயரை வெளியிடக் கூடாது. இராப்பகல் எந்த நேரமும் 1098 என்ற டெலிபோன் எண்ணில் உதவி கேட்கலாம். ஆனால் சட்டம் வாசற்படியில் தான் நிற்கும். உள்ளே இருக்கும் குழந்தை வாய் திறந்தால்தான் அது உள்ளே வர முடியும்.

வாயைத் திறக்க வைப்பது வீட்டாரின் வேலை. ஒருவர் வீட்டுக்குப் போக மாட்டேனென்று குழந்தை அடம் பிடித்தால், முதலில் "ஏன்?" என்று கேளுங்கள். பெரியவர்களுக்கு மரியாதை செய்யக் கற்பிக்கும் அன்றே, "வேண்டாம்" என்று பெரியவர்களிடமும் சொல்லலாமென்று கற்பியுங்கள். அம்மாவிடம் சொல்லக் கூடாத இரகசியம் எதுவும் இல்லையென்று பழக்குங்கள். குழந்தை எதையாவது சொல்ல வந்தால், "சீ! அப்படிப் பேசாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தை நாற்பது வருஷத்துக்குப் பூட்டுப் போட்டுவிடக் கூடியது. "குடும்ப மானம்" என்று ஒன்றைச் சொல்லுகிறோமே, குழந்தையின் மௌனத்தை விலை கொடுத்து வாங்கும் மானம் மானமாகுமா?

நமது வகுப்பில் பழைய கட்டளையை இப்போது நிறுத்திவிட்டோம். சத்தம் கொஞ்சம் அதிகமாயிருப்பது வாஸ்தவந்தான். சென்ற வாரம் தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்து, "என்ன ஸார், இது வகுப்பா, சந்தைக் கடையா?" என்று கேட்டார். "சந்தைக் கடைதான், ஸார். வாயைத் திறந்து கேட்டால்தான் இங்கே நியாய விலை கிடைக்கும்" என்றோம். அவர் சிரித்துக் கொண்டே போய்விட்டார். கடைசி பெஞ்சில், யாரிடமும் அதிகம் பேசாத ஒரு பையன் மெதுவாகக் கையைத் தூக்கினான். "என்னப்பா?" என்று கேட்டோம்.

இந்தத் தடவை, அவன் சொல்லி முடிக்கும் வரையில் காத்திருந்தோம்.