கணக்கறிந்த அமைச்சரும் கணக்கில் வராத மக்களும்

2020ஆம் ஆண்டு டிசெம்பர் 28ஆம் நாள். கொரோனாப் பெருந்தொற்று உலகை முடக்கியிருந்த அவ்வாண்டின் இறுதி வாரத்தில், ரஷ்யாவின் துணைப் பிரதமர் தத்தியானா கோலிக்கோவா ஒரேயொரு விழுக்காட்டை வெளியிட்டார். சனவரி முதல் நவம்பர் வரையான காலத்தில், முந்திய ஆண்டைவிடக் கூடுதலாக நிகழ்ந்த இறப்புகளுள் 81 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை அந்நோயாலும் அதன் விளைவுகளாலும் நேர்ந்தவை என்பதே அந்த அறிவிப்பு. நாட்டின் புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்குப்படி அக்கூடுதல் இறப்புகள் ஏறத்தாழ 2 இலட்சத்து 30 ஆயிரம். அதில் 81 விழுக்காடு என்றால் 1 இலட்சத்து 86 ஆயிரத்திற்கும் மேல். ஆனால் அரசு நாள்தோறும் அறிவித்துவந்த கொரோனா இறப்புகளின் மொத்தத் தொகையோ அன்று ஏறத்தாழ 55 ஆயிரம் மட்டுமே.

அரசு சொன்னதைப் போல மூன்று மடங்கினர் இறந்துள்ளனர் என்பதை ஒப்புக்கொண்டவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். வெளிநாட்டு ஊடகவியலாளரும் அல்லர். அந்நோய்த்தடுப்புப் பணிக்கென 2020 சனவரியில் அமைக்கப்பட்ட செயலணியின் தலைவரே அவர். அரசின் சமூகக் கொள்கை முழுவதற்கும் பொறுப்பாளரும் அவரே. இந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்ள அவருடைய பொதுவாழ்வை அறிதல் பயனுள்ளதாகும்.

1966ஆம் ஆண்டு மொஸ்கோவை அடுத்துள்ள மித்தீசி நகரில் பிறந்தவர் கோலிக்கோவா. 1987இல் மொஸ்கோவின் பிளெக்கானவ் தேசியப் பொருளாதார நிறுவனத்தில் தொழிலாளர் பொருளியல் கற்றுப் பட்டம் பெற்றார். தொழில் ஆய்வு நிறுவனமொன்றில் மூன்றாண்டுகள் பணியாற்றிய பின்னர், சோவியத் ஒன்றியம் சிதைந்துகொண்டிருந்த 1990ஆம் ஆண்டில் நிதி அமைச்சில் ஒரு சாதாரண பொருளியலாளராகச் சேர்ந்தார். ரூபிள் வீழ்ந்து அரசு தன் கடனைத் தீர்க்க இயலாது நின்ற 1998ஆம் ஆண்டில், வரவுசெலவுத் திட்டக் கொள்கைப் பிரிவின் தலைவராக உயர்ந்திருந்தார். மறு ஆண்டே துணை நிதியமைச்சர். நாட்டின் வரவுசெலவுத் திட்ட எண்களை மனப்பாடமாகவே சொல்லக்கூடியவர் என்று பெயரெடுத்த அவரை, ரஷ்ய ஊடகங்கள் "வரவுசெலவுத் திட்டத்தின் அரசி" என அழைக்கலாயின.

ரஷ்ய அரசில் சமூக விவகாரங்களை மேற்பார்வையிடும் துணைப் பிரதமர் பதவி பல முறை பெண்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. 1998 முதல் 2003 வரை வலன்தீனா மத்வியென்கோ, அவருக்குப் பின் கலீனா கரேலவா, 2012 முதல் 2018 வரை ஒல்கா கலதேத்ஸ் ஆகியோர் அப்பதவியை வகித்தனர். பாதுகாப்பு, உள்விவகாரம், நிதி போன்ற துறைகள் ஆண்களுக்கும், முதியோர், தாய்மார், நோயாளர் பற்றிய துறைகள் பெண்களுக்கும் என்ற எழுதப்படாத பாகப்பிரிவினை இதில் தெரிகிறது. இவ்வரிசையில் கோலிக்கோவா சற்றே வேறுபட்டவர். அவர் நலத்துறையிலிருந்து நிதியை நோக்கிக் கை நீட்டியவர் அல்லர். நிதித்துறையிலிருந்து நலத்துறைக்கு வந்தவர்.

அந்த வருகை 2007ஆம் ஆண்டு செப்டெம்பரில் நிகழ்ந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், 2005 சனவரியில், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வழங்கப்பட்டுவந்த இலவசப் பயணம், இலவச மருந்து முதலிய சலுகைகளை நீக்கி, அவற்றிற்கு ஈடாகப் பணம் வழங்கும் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. தாளில் அது நேர்த்தியான கணக்கு. கொடுக்கப்பட்ட பணமோ இழந்த சலுகைக்கு ஈடாகவில்லை. கடுங்குளிரில் ஓய்வூதியர்கள் வீதிகளை மறித்தனர். அரசு கூடுதல் நிதி ஒதுக்க வேண்டியதாயிற்று. அச்சட்டம் உருவான காலத்தில் கோலிக்கோவா நிதி அமைச்சில் வரவுசெலவுத் திட்டப் பொறுப்பிலிருந்தார். மக்களின் சினத்திற்கு ஆளான சுகாதார, சமூக மேம்பாட்டு அமைச்சர் 2007இல் மாற்றப்பட்டபோது அவ்விடத்திற்கு வந்தவரும் அவரே.

அமைச்சராக அவர் இருந்த ஐந்தாண்டுகளில் மருந்துப் புழக்கச் சட்டமும் கட்டாய மருத்துவக் காப்புறுதிச் சட்டமும் 2010இல் நிறைவேறின. மருத்துவருக்கும் அமைச்சுக்குமிடையே விரிசலும் வளர்ந்தது. 2011 ஏப்ரலில், புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் லியனீத் ரஷால், அன்றைய பிரதமர் புட்டின் முன்னிலையிலேயே, மருத்துவத்துறையை அறிந்தவர்கள் அமைச்சின் தலைமையில் இல்லை என வெளிப்படையாகக் குறைகூறினார். 2012இல் கோலிக்கோவா அப்பதவியிலிருந்து விலகி, அரசுத்தலைவரின் உதவியாளரானார்.

அவருடைய வாழ்வில் மிகவும் கவனிக்கத்தக்க காலம் அதன் பின்னரே வந்தது. 2013 செப்டெம்பரில் அவர் ரஷ்யக் கணக்காய்வு மன்றத்தின் தலைவரானார். அரசின் செலவுகளை ஆராய்ந்து குறைகளை வெளியிடுவது அம்மன்றத்தின் பணி. செலவுக்குக் குறைவு, படுக்கைக்கு மிகை என்ற காரணங்காட்டிச் சிறு மருத்துவமனைகளை மூடியும் இணைத்தும் நடத்தப்பட்ட சீரமைப்பை அம்மன்றம் ஆராய்ந்தது. 2015இல் வெளியான முடிவுகள் அதிர்ச்சி தந்தன. 17,500 குடியிருப்பு ஊர்களில் மருத்துவ வசதி எதுவுமே இல்லை. அவற்றுள் பல ஊர்களுக்கு மிக அண்மையிலுள்ள மருத்துவர் 20 கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்தார். மருத்துவமனைகளில் நிகழ்ந்த இறப்புகளும் கூடியிருந்தன. 2019இல், துணைப் பிரதமராகிவிட்ட நிலையிலும், அச்சீரமைப்பு பல பிராந்தியங்களில் மிக மோசமாக நடத்தப்பட்டது என அவர் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார்.

நிதியை ஒதுக்கியவர், பின்னர் அதைச் செலவிட்டவர், அதன்பின் அச்செலவை ஆராய்ந்தவர் என மூன்று நாற்காலிகளிலும் அமர்ந்தவர் அவர். ஒரே மனிதருக்கு ஒவ்வொரு நாற்காலியிலிருந்தும் வெவ்வேறு காட்சி தெரிந்தது. ஒதுக்குபவருக்கு மருத்துவமனை ஒரு செலவினம். ஆராய்பவருக்கே, மருத்துவமனை இல்லாத ஊர் கண்ணில் படுகிறது. ஆதலால்தான் ஒரு நாட்டில் இவ்விரு பணிகளும் ஒருவருக்கொருவர் கட்டுப்படாதவர்களிடம் இருத்தல் இன்றியமையாததாகிறது.

2018 மே மாதத்தில் சமூகக் கொள்கைக்குப் பொறுப்பான துணைப் பிரதமராக அவர் நியமிக்கப்பட்டார். அடுத்த மாதமே பெரும் சோதனை வந்தது. சூன் 14ஆம் நாள், உலகக் கிண்ண உதைபந்தாட்டம் மொஸ்கோவில் தொடங்கிய அதே நாளில், ஓய்வூதிய வயதை ஆண்களுக்கு 60இலிருந்து 65ஆகவும் பெண்களுக்கு 55இலிருந்து 63ஆகவும் உயர்த்தும் திட்டத்தை அரசு அறிவித்தது. இதற்குக் காரணம் இல்லாமலில்லை. 1990களின் நெருக்கடியில் பிறப்புகள் பெரிதும் குறைந்தமையால் உழைக்கும் வயதினர் தொகை சுருங்கிவந்தது. முதியோர் தொகை பெருகிவந்தது. ஆனால் 2017இல் ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுட்காலம் 67.5 ஆண்டுகளே. இது பிறப்பின்போது கணிக்கப்படும் சராசரி என்பதும், 60 வயதை எட்டியவர் அதனினும் நெடுங்காலம் வாழக்கூடும் என்பதும் உண்மையே. ஆயினும் 65ஐ எட்டாமலே மறையும் ஆண்கள் பெருந்தொகையினராக உள்ள நாட்டில், வாழ்நாள் முழுதும் செலுத்திய பங்கிற்குரிய ஓய்வூதியம் கைக்கு வராமலே போகும் என்று தொழிலாளர்கள் அஞ்சியது வீணச்சமன்று.

பல நகரங்களில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. ஆகஸ்ட் 29ஆம் நாள் புட்டின் தொலைக்காட்சியில் தோன்றி, பெண்களுக்கான வயதை 63க்குப் பதிலாக 60 எனக் குறைத்தார். செப்டெம்பரில் நடைபெற்ற பிராந்தியத் தேர்தல்களில் சில ஆளுநர் பதவிகளை ஆளுங்கட்சி இழந்தது. எனினும் சட்டம் ஒக்டோபர் 3இல் கையொப்பமாகி, 2019 சனவரி முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கணக்கை முன்வைத்து வாதாடும் சுமை துணைப் பிரதமருக்கும் அமைச்சர்களுக்கும். சலுகையை அறிவிக்கும் பெருமை அரசுத்தலைவருக்கு. அவ்வாட்சிமுறையில் தொழிற்பாங்கான நிருவாகிகளின் இடம் எதுவென்பதை அந்தக் கோடைகாலம் தெளிவாகக் காட்டியது.

அவருக்கு உரிய மதிப்பை மறுப்பதும் முறையன்று. 2007இல் இரண்டாம் குழந்தைக்கு 2 இலட்சத்து 50 ஆயிரம் ரூபிளென்று தொடங்கிய "தாய்மை மூலதனம்" என்னும் உதவி, 2020 முதல் முதற்குழந்தைக்கும் விரிவாக்கப்பட்டது. ஓய்வூதிய நிதியமும் சமூகக் காப்புறுதி நிதியமும் 2023 சனவரியில் ஒன்றாக இணைக்கப்பட்டன. 2020இல் பிரதமர் மாறியபோதும், பின்னர் 2024இலும் அவர் அதே பதவிக்கு மீண்டும் நியமிக்கப்பட்டார். உழைப்பும் நினைவாற்றலும் துறையறிவும் இன்றி இவ்வளவு நீண்டகாலம் நிலைத்திருத்தல் இயலாது.

ஆனால் அவர் வகித்த பதவிகள் யாவும் மேலிருந்து அளிக்கப்பட்டவை. வாக்காளரிடம் கணக்குச் சொல்லவேண்டிய கட்டாயம் அவற்றில் இருந்ததில்லை. 2022 பெப்ரவரி 24இல் உக்ரைன் மீது ரஷ்யா முழு அளவிலான படையெடுப்பைத் தொடங்கிய பின்னர் இந்தக் குறை பூதாகரமானது. 2025ஆம் ஆண்டிற்கான வரவுசெலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு ஏறத்தாழ 13.5 இலட்சம் கோடி ரூபிள் ஒதுக்கப்பட்டது. சமூகக் கொள்கைக்கு ஏறத்தாழ 6.5 இலட்சம் கோடி. ஒருபுறம் தாய்மாருக்கு உதவித்தொகை; மறுபுறம் அத்தாய்மார் முன்னர் பெற்று வளர்த்த பிள்ளைகள் போர்முனைக்கு. 2024இல் அந்நாட்டில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 12 இலட்சத்து 20 ஆயிரம்; 1999க்குப் பின்னர் இதுவே மிகக் குறைந்த தொகை.

அதனினும் கவலைக்குரியது, எண்களே மறையத் தொடங்கியமை. போரில் இறந்த தன் படையினரின் தொகையைப் பாதுகாப்பு அமைச்சர் 2022 செப்டெம்பரில் 5,937 என அறிவித்த பின்னர், மொத்தத் தொகையைப் புதுப்பித்து வெளியிடும் வழக்கமே நின்றது. 2025இல் மாதாந்தப் பிறப்பு, இறப்பு விபரங்களை வெளியிடுவதையும் புள்ளிவிபரத் திணைக்களம் நிறுத்தியது. 2015இல் ஒரு கணக்காய்வு அறிக்கையும் 2020இல் ஒரு விழுக்காடும் எவ்வளவு உண்மையை வெளிக்கொணர்ந்தன என்பதை எண்ணிப்பார்த்தால், இந்த மறைப்பின் பொருள் விளங்கும். கணக்கு வெளியே இருக்கும்வரை, தவறிழைத்த அரசையும் அதன் சொந்த எண்களைக்கொண்டே கேள்வி கேட்கலாம். கணக்கு மறைந்துவிட்டால், திறமையான நிருவாகியின் திறமையும் மறைப்பிற்கே துணைபோகும்.

இறந்தோரின் தொகையே வழக்காகிவிடும் துயரம் ஈழத்தமிழருக்குப் புதிதன்று. 2009இல் போரின் இறுதிக் கட்டத்தில் 40 ஆயிரம் வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்பதை மறுக்கவியலாது என்று ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் கூறிய பின்னரும், அத்தொகை குறித்த வாதம் ஓயவில்லை. பெயர்ப்பட்டியல் இல்லாத இடத்தில் நீதி எவ்வாறு தள்ளிப்போடப்படுகிறது என்பதை அறிந்த மக்கள், இன்னொரு நாட்டின் தாய்மார் அதே இருளில் நிற்பதை அலட்சியமாகப் பார்த்தல் ஆகாது.

புலம்பெயர்ந்த நாடுகளில் தமிழ்ப் பெற்றோர் தம் பிள்ளைகளை மருத்துவராகவும் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் காண விழைகின்றனர். அவ்விருப்பம் நல்லதே. அத்துடன், அரச நிருவாகம், கணக்காய்வு, புள்ளிவிபரவியல் ஆகிய துறைகளும் மக்களின் உயிரோடு பிணைந்தவை என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும். வாழும் நாட்டின் வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்கவும், தம் ஊர் மருத்துவமனையின் நிதி ஏன் குறைந்தது என வினவவும் இளையோர் பழகுதல் வேண்டும். அப்படிக் கேட்டும் அச்சமின்றி வீடு திரும்பக்கூடிய நாடுகளில் அவர்கள் வாழ்கின்றனர். அந்த உரிமை எல்லா நாட்டு இளையோருக்கும் வாய்த்ததன்று.

அவர்களுள் சிலர் நாளை உயர்பதவிகளில் அமரக்கூடும். அன்று அவர்கள் கையில் வரும் ஒவ்வொரு எண்ணும் ஒரு மனிதரென்பதை மறவாதிருத்தலும், அந்த எண்ணை மறைக்குமாறு பணிக்கப்படும்போது மறுத்து நிற்றலுமே அவர்கள் கற்ற கல்விக்குப் பெருமை சேர்க்கும்.