தகரம் சுற்றிய மேதைமை

நம் எழுத்தாளர்கள் ஒர்க்‌ஷாப்பைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எங்கிருந்தோ ஒரு எண்ணெய் டின் வந்துவிடும். மெக்கானிக் அதை வெட்டி, ஓட்டை விழுந்த சைலன்சரில் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்குவார். வண்டி கிளம்பிவிடும். பிறகு இரண்டு பத்திக்கு ‘மண்ணின் மேதைமை’ என்று உருகல். இந்த உருகலைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தத் தகரத்துக்கு மேலே எட்டு மணி நேரம் உட்கார்ந்து ஓட்டுகிறவன் எதைச் சுவாசிக்கிறான் என்று ஒரு கதையும் கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் பதினெட்டு வயதான டீசல் பிக்கப் ஒன்று இருக்கிறது. ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். எஞ்சின் சூடானதும் இரும்பு விரிந்து இடைவெளி அடைபடும், சத்தம் குறையும். “சத்தந்தானேண்ணே, பாட்டப் போட்டா கேக்காது” என்றார் டிரைவர். நம் ஊர் பொதுப்புத்தி மொத்தமும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. கசிவை நாம் காதால் மட்டும்தான் அளக்கிறோம்.

விஷயம் சத்தம் அல்ல. மேனிஃபோல்ட் கேஸ்கட்டிலோ முன்குழாயிலோ கசிகிற புகை, வண்டியின் வாலுக்குப் போவதற்கு முன்பே கேபினுக்குக் கீழே தங்குகிறது. கிழிந்த கியர் ரப்பர் வழியாக, தரை ஓட்டைகள் வழியாக உள்ளே ஏறுகிறது. அதில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமில்லை, மணமில்லை; ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோலைவிட டீசலில் இது குறைவுதான். ஆனால் டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. மாசுச் சான்றிதழ் வாங்கப் போனால் கருவியை வால்குழாயில்தான் செருகுவார்கள். நடுவழியில் கசிவதை அது பார்ப்பதே இல்லை.

முறையான வேலை எப்படி இருக்கும்? எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, வால்குழாயைத் துணியால் சில நொடி அடைத்தால் கசிகிற இடம் சீறும். இணைப்பில் கரிக்கோடு படிந்திருக்கும். கேஸ்கட் போயிருந்தால் மாற்ற வேண்டும். அதற்கு முன் மேனிஃபோல்டின் முகம் வளைந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். வளைந்திருந்தால் லேத்தில் முகம் தட்டாமல் எத்தனை கேஸ்கட் போட்டாலும் எரியும். துருப்பிடித்த குழாயை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி, புதுத் துண்டு வைத்துப் பற்றவைக்க வேண்டும். மலிவு என்று ஜி.ஐ. பைப்பை வைத்தால் துத்தநாகப் புகையில் வெல்டருக்கே காய்ச்சல் வரும். கடைசியாக, சைலன்சர் தொங்குகிற ரப்பர்களையும் எஞ்சின் மவுண்டையும் பார்க்க வேண்டும். அவை தளர்ந்திருந்தால் குழாய் ஆடி ஆடி, பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி விரியும்.

“ஏழை வண்டிக்கு இவ்வளவு கட்டுமா?” என்பார்கள். நியாயமான கேள்வி. வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வாடகை போச்சு. ஆனால் இந்தக் கணக்கைப் போடுகிறவர் யார்? வண்டிக்காரர். புகையைக் குடிக்கிறவர்கள் யார்? டிரைவரும், பின்னால் தார்ப்பாய்க்குள் மூட்டையோடு மூட்டையாய் உட்கார்ந்து வருகிற லோடுமேன்களும். ஒருவர் மிச்சம்பிடிக்க இன்னொருவர் நுரையீரலைக் கொடுப்பதற்குச் சிக்கனம் என்று பேர் வைக்காதீர்கள்.

இன்னொரு பக்கம், “பழைய வண்டியை உடைச்சுப் போடுங்க, காத்து சுத்தமாயிடும்” என்கிறவர்கள். டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னதிலிருந்து இந்தக் குரலுக்கு வலு கூடிவிட்டது. வண்டியின் வயதைப் பார்ப்பது சுலபம், ஆர்.சி. புத்தகத்தில் தேதி இருக்கிறது. அடியில் குனிந்து கேஸ்கட்டைப் பார்க்கத்தான் ஆளில்லை. புதுப் பிக்கப்புக்குத் தவணை கட்ட முடியாதவனிடம் வண்டியைப் பிடுங்கினால் அவன் மூச்சு சீராகாது, பிழைப்புதான் போகும். பழசு ஓடட்டும், ஒழுங்காகப் பழுது பார்க்கப்பட்டு ஓடட்டும்.

மேதைமை வேண்டுமா? உள்ளே முறிந்துபோன மேனிஃபோல்ட் ஸ்டட்டின் மேல் ஒரு நட்டைப் பற்றவைத்து, அந்தச் சூட்டிலேயே துருவை இளக்கி, மரையைக் கெடுக்காமல் கால் சுற்று முன்னும் பின்னுமாகத் திருப்பி வெளியே எடுக்கிற கையைப் பாருங்கள். நம்மூர்ப் பட்டறைகளில் அந்தக் கைகள் இருக்கின்றன. அந்த அரை நாள் வேலைக்குக் கூலி கேட்டால் பேரம் பேசுகிறோம். தகரம் சுற்றினால் கதை எழுதுகிறோம். அவரைத் தகரம் சுற்ற வைத்தது நம் பேரம்தான்.