இயற்கை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ

கஞ்சாவைப் பற்றி எங்கட வட்டத்துக்குள் பேச்சு வந்தால், யாராவது ஒருவர் கட்டாயம் இந்த வசனத்தைச் சொல்வார்: "அது ஒரு செடிதானே மச்சான், இயற்கை தந்தது." பத்தலாமா கூடாதா, சட்டம் சரியா பிழையா என்ற சண்டை வேறு. அதை இன்னொரு நாள் பிடிப்பம். இன்றைக்கு எனக்குச் சண்டை அந்த "இயற்கை" என்ற சொல்லோடுதான்.

கனடா முழுவதும் 2018 ஒக்ரோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வம். அமெரிக்காவிலும் கொலராடோ, கலிபோர்னியா, மசாசூசெற்ஸ் எண்டு பல மாநிலங்களில் கடையில் வாங்கலாம். அந்தக் கடைகளில் பச்சை இலைப் படம் போட்ட பெட்டிக்குள் இருக்கும் பூவில் நிறைய, ஒரு நாளும் வெயிலைக் கண்டதில்லை. யன்னல் இல்லாத கிடங்குக்குள் விளக்கின் கீழ் வளர்ந்து, விளக்கின் கீழ் பூத்து, விளக்கின் கீழேயே வெட்டப்பட்டது.

விளக்கு எண்டால் வீட்டு பல்ப்பை நினைக்க வேண்டாம். செடிக்குக் கிடைக்கும் ஒளியை, ஒரு சதுர மீற்றரில் ஒரு செக்கனுக்கு எத்தனை மைக்ரோமோல் எண்டு அளக்கிறார்கள். உச்சி வெயில் ஏறக்குறைய 2000. பூக்கும் அறைகளில் 1000ஐத் தொடுவது சாதாரணம். அதாவது கூரைக்குக் கீழே பாதிச் சூரியனை, நாளுக்கு 12 மணித்தியாலம், வாரக்கணக்கில் காசு குடுத்துச் செய்கிறார்கள். விளக்கின் சூட்டை வெளியேற்ற ஏசி. செடி விடுகிற ஈரத்தை உறிஞ்ச இன்னொரு மெசின். ஒளி கூடினால் செடிக்குக் காபனீரொட்சைட்டும் கூடத் தேவை எண்டு, அதையும் அறைக்குள் விடுகிறார்கள். இதுவா இயற்கை?

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒளியை 120இலிருந்து 1800 மைக்ரோமோல் வரை கூட்டக் கூட்ட விளைச்சலும் கூடிக்கொண்டே போனது. வளர்ப்பவர்களுக்கு அது கொண்டாட்டம். ஆனால் கணக்கைப் பாருங்கோ. ஒளி 15 மடங்கு, பூ ஏறக்குறைய நாலரை மடங்கு. போதை தரும் சேர்வையின் வீதமோ அசையவில்லை. அப்ப அந்த மேலதிக ஒளி ஆருக்கு? வாங்குகிறவனுக்கு இல்லை. ஒவ்வொரு சதுர அடியிலும் கூடப் பணம் பிழிய நினைக்கும் கிடங்குக்காரனுக்கு.

பில்லை எல்லாரும் கட்டுகிறோம். 2012இல் எவன் மில்ஸ் என்ற ஆய்வாளர், அமெரிக்காவின் மொத்த மின்சாரத்தில் 1 வீதம் உள்ளறைக் கஞ்சாவுக்குப் போகிறது எண்டு மதிப்பிட்டார். 2021இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு, ஒரு கிலோ காய்ந்த பூவுக்கு, இடத்தைப் பொறுத்து, 2283 முதல் 5184 கிலோ வரை காபனீரொட்சைட்டுக்குச் சமமான வாயுக்கள் வெளியேறுகின்றன எண்டு கணக்கிட்டது. ஒரு கிலோ பூவுக்கு இரண்டு தொன்னிலிருந்து ஐந்து தொன் வரை!

செடி உள்ளே போனது அதன் விருப்பத்தில் இல்லை. கலிபோர்னியாவில் 1983 முதல் ஹெலிகொப்டரில் தேடித் தேடித் தோட்டங்களை அழித்தார்கள். வளர்ப்பவர்கள் கூரைக்குக் கீழே ஒளிந்தார்கள். சரி, அது ஒளிந்த காலம். சட்டம் மாறிய பிறகாவது வெளியே விட்டார்களா? கொலராடோவில் ஆரம்பத்தில் ஒரு கடை தான் விற்பதில் 70 வீதத்தைத் தானே வளர்க்க வேண்டும் என்ற விதி இருந்தது. கடை நகரத்தில் எண்டால் தோட்டமும் நகரத்துக் கிடங்கில்தான். கூட்டாட்சிச் சட்டப்படி மாநில எல்லையைத் தாண்டிக் கொண்டுபோகவும் ஏலாது. கலிபோர்னிய வெயிலில் விளைந்தது மசாசூசெற்ஸுக்குப் போக முடியாததால், அங்கே பனிக்காலத்தில் செயற்கைச் சூரியன் எரிகிறது. சட்டபூர்வமாக்கினார்கள், ஆனால் ஒளிந்த காலத்துப் பழக்கத்தையே தொழிலாக்கி விட்டார்கள்.

"இப்ப எல்ஈடி வந்துட்டுதே" எண்டு ஒரு பதில் வரும். எல்ஈடி மிச்சம் பிடிக்கிறது, உண்மை. ஆனால் சூடு குறைந்ததும் விளக்கை இன்னும் கூட்டலாமே எண்டு யோசிக்கும் தொழிலில், அந்த மிச்சம் எவ்வளவு நாளைக்கு மிச்சமாக இருக்கும்? மசாசூசெற்ஸ் சதுர அடிக்கு 36 வாற்று, சிறிய பண்ணைகளுக்கு 50 எண்டு உச்சவரம்பு வைத்தது. நல்லது. ஆனால் அது கிடங்கு இருக்கட்டும், கொஞ்சம் குறைவாக எரியட்டும் என்பதுதான். மருந்துக்குப் பூஞ்சணம் இல்லாத, ஒரே தரமான பூ வேண்டும் என்ற வாதம் மட்டும் நியாயமானது. அதற்கும் முதலில் கண்ணாடி வீட்டைப் பார்க்கலாம். சூரியனை முழுதாக மூடத் தேவையில்லை.

என் கோரிக்கை எளிது. பெட்டியில் போதை வீதத்தைப் போடுகிற மாதிரி, எத்தனை யூனிற் கரண்ட் குடித்தது எண்டும் போடுங்கோ. வெயிலில் வளர்க்கத் தடையாக இருக்கும் விதிகளை எடுங்கோ.

இது எங்களுக்கு என்னத்துக்கு? ஏற்றுமதிக்குக் கஞ்சா வளர்க்கும் பேச்சு இலங்கையிலும் சில வருடங்களாக நடக்கிறது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாடு இது. அவர்கள் மின்சாரத்தால் செய்கிற அந்த 12 மணித்தியாலப் பகல், எங்களுக்கு வருடம் முழுக்கச் சும்மா கிடைக்கிறது. ஆதரிக்கிறவர்களும் எதிர்க்கிறவர்களும் சண்டையைத் தொடருங்கோ. ஆனால் நாளைக்கு ஒருவன் யன்னல் இல்லாத கிடங்கின் வரைபடத்தோடு வந்து "இயற்கை" எண்டு சொன்னால், முதலில் மீற்றரைக் காட்டச் சொல்லுங்கோ.