படித்தோம் என்று சொல்லலாமா?

தமிழகத்திற்கு வெளியே வாழும் குடும்பங்கள் சில ஒரு மாலையில் கூடியிருந்தோம். பேச்சு உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தை நோக்கித் திரும்பியது. படிக்காதவர் எவருமிலர், புகழாதவரும் இலர். கல்லூரியில் பயிலும் பெண்ணொருத்தி, “அதில் என்ன இருக்கிறது?” என்று கேட்டாள். “ஏடு தேடி அலைந்தார்” என்றோம். அதற்குமேல் எவருக்கும் வாய் எழவில்லை. அத்தனை பெரிய நூலைப் படித்த நம்மிடம் எஞ்சியவை மூன்றே சொற்கள்!

மறதி எல்லார்க்கும் பொது. அதைத் தடுக்க ஒன்றும் செய்யாதிருப்பதே நம் குற்றம். கதையை மறந்தாலும் அது எழுப்பிய உணர்ச்சி நெஞ்சில் தங்கக்கூடும். வரலாறும் அறிவியலும் பேசும் நூல்களுக்கோ செய்தியும் காரணமுமே உயிர். அவை போயின் நூலே போயிற்று.

“அடிக்கோடு இட்டிருக்கிறோம், வேண்டுமாயின் மீண்டும் படிப்போம்” என்பர் சிலர். மீண்டும் படித்தல் பெரும்பாலும் தெரிந்துவிட்டது போன்ற மயக்கத்தையே தரும். ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதை உணர்த்துகிறது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்த மாணவர்களே முந்தினர். ஒரு வாரம் சென்றபின் நிலை தலைகீழாயிற்று. ஒருமுறை படித்துவிட்டுப் பாராமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு நூற்றுக்கு 56 பங்கு நினைவிருந்தது. இருமுறை படித்தவர்களுக்கு 42 பங்கே.

“மதிப்புரை எழுதுவது புலவர் வேலை” என்பர் வேறு சிலர். பிரெஞ்சுக் கட்டுரையாளர் மொந்தேன் (1533–1592) தமக்கு நினைவாற்றல் குறைவென வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர். முன்பே படித்துக் குறிப்பெழுதிய நூலைப் புதியதென்றெண்ணி மீண்டும் கையிலெடுத்தவர். ஆகவே படித்து முடித்த காலத்தையும் தம் கருத்தையும் நூலின் இறுதியில் எழுதி வைக்கலானார். புலமையைக் காட்டவா எழுதினார்? மறதிக்கு அணை கட்டவே எழுதினார்.

“நேரமில்லை” என்பது இறுதி வாதம். பத்து நாள் செலவிட்டுப் படித்ததைக் காக்கக் கால் மணி நேரம் கிடையாதா? பத்து வரி போதும். நூலை மூடிவிட்டு எழுதுதல் வேண்டும். ஆசிரியர் சொல்வது யாது? அதற்கு அவர் காட்டும் சான்று யாது? நாம் உடன்படாத இடம் எது? பின்னர் நூலைத் திறந்து பிழை திருத்தலாம். நம்மில் ஒருவரேனும் இவ்வாறு எழுதியிருந்தால், அப்பெண்ணுக்கு 1880-ஆம் ஆண்டுக் கும்பகோணத்தைக் காட்டியிருப்பார். தாம் கற்ற நூல்களை அடுக்கிச் சொன்ன சாமிநாதையரிடம், முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். அக்கேள்வியின் பயனாகவே 1887-ல் சீவக சிந்தாமணி அச்சேறியது.

அப்பத்து வரிகளையும் தமிழில் எழுதுவோம். நம் வீடுகளில் தமிழ் பேசப்படுகிறது, எழுதப்படுவதோ அரிது. பெற்றோர் தமிழில் எழுதக் கண்டறியாத பிள்ளை எப்படி எழுதும்? இன்றே ஒரு குறிப்பேடு வாங்குவோம். பத்து வரி எழுதாத நூலைப் படித்தோம் என்று இனிச் சொல்லாதிருப்போம்.