தண்டத்திற்கு ஓர் அளவுகோல்

நீதிமன்றங்கள் குற்றவாளிகட்கு மிகையாக இரங்குகின்றன என்பார் ஒரு சாரார். அவை எளியோர்மீதே தண்டனையின் பாரத்தைச் சுமத்துகின்றன என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் தம்முள் மாறுபட்டன போலத் தோன்றினும், ஒரே குறையின் இரு முகங்களே அவை என்பது எமது கருத்து. நாள்தோறும் நம் கண்ணெதிரே நிகழும் ஒரு குற்றத்தைக் கொண்டு இதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அஃதாவது, கவனமின்றி ஊர்தி செலுத்திப் பிறர் உயிரைப் போக்குதல்.

இவ்வாராய்ச்சிக்குத் துவாக்குடியினும் ஏற்ற இடம் வேண்டுவதில்லை. திருச்சியினின்றும் தஞ்சைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது அவ்வூர். பாரத மிகுமின் நிறுவனத்தைச் சார்ந்து பெருகிய பட்டறைகட்கு இரும்பு சுமந்து வரும் லாரிகளும், சுங்கச்சாவடியை நோக்கி விரையும் பேருந்துகளும், அவற்றினிடையே மிதிவண்டியிலும் கால்நடையாகவும் செல்லும் தொழிலாளரும் மாணாக்கரும் ஒரே சாலையைப் பங்கிட்டுக் கொள்கின்றனர். பால்பண்ணை முதல் துவாக்குடி வரை அணுகுசாலை வேண்டுமென மக்கள் பல்லாண்டு கேட்டு வந்தமை இதனாலேயாம். அச்சாலை வழியே நாள்தோறும் பேருந்தேறிக் கல்லூரிக்கு வருவாருள் யாமும் உளேம். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்பது மத்திய அரசின் கணக்கு. அவருள் 17,884 பேர் தமிழ்நாட்டில் மாண்டவர்.

இனி, சட்டம் கூறுவது யாதெனக் காண்போம். 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870ஆம் ஆண்டு 304அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. கவனக்குறைவால் மரணம் விளைத்தார்க்கு இரண்டாண்டு வரை சிறையேனும், அபராதமேனும், இரண்டுமேனும் விதிக்கலாம் என்றது அது. 2024ஆம் ஆண்டு சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா இரண்டாண்டை ஐந்தாண்டாக உயர்த்திற்று. பழைய சட்டத்திலும் புதிய சட்டத்திலும் உச்சவரம்பு உண்டு. அவ்வரம்பிற்குள் எவர்க்கு எவ்வளவு என்பதற்கு அளவுகோல் இல்லை. ஓர் ஊர் நீதிபதி ஓராண்டு என்பார். மற்றோர் ஊர் நீதிபதி ஒரு திங்கள் என்பார். இருவரும் சட்டப்படியே தீர்ப்பளித்தவராவர்.

இதன் விளைவைக் காட்ட இரண்டு வழக்குகள் போதும். 2007இல் பஞ்சாபில் இருவரைப் பலிகொண்ட விபத்தொன்றில் கீழ்நீதிமன்றம் ஓராண்டுச் சிறை விதித்தது. இறந்தோர் குடும்பத்திற்கு ரூ. 85,000 இழப்பீடு தரப்பட்டமை கருதி, உயர்நீதிமன்றம் அத்தண்டனையைக் கழிந்துபோன 24 நாட்களாகக் குறைத்தது. 2015இல் உச்சநீதிமன்றம் இதனை ஏலாது, ஆறு திங்கட் சிறை விதித்தது. இரண்டாவது, 2006ஆம் ஆண்டு மும்பையின் பாந்திராவில் நடைபாதையில் உறங்கிய கூலித்தொழிலாளர் எழுவர் மகிழுந்து ஏறி மாண்ட வழக்கு. முதல் நீதிமன்றம் விதித்தது ஆறு திங்கள். உயர்நீதிமன்றம் விதித்தது மூன்றாண்டு. 2012இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்ததும் அதுவே. ஒரே செயல், ஒரே சான்று. தண்டனையோ ஆறு மடங்காயிற்று. இடையிலே மாறியது செயலன்று, அதனை எப்பிரிவில் வைப்பது என்னும் அளப்போர் கணிப்பே. ஓராண்டு 24 நாளாயினமைக்குப் பணமும் ஒரு காரணமாயிற்று எனின், கொடுக்க இயலாத ஏழை ஓட்டுநன் எந்நாளில் வெளிவருவான்?

2024ஆம் ஆண்டு மே திங்களில் புனே நகரில், பதினேழு வயதினன் ஒருவன் செலுத்திய விலையுயர்ந்த மகிழுந்தால் இளம் பொறியாளர் இருவர் மாண்டபோது, சாலை விபத்துக்களைப் பற்றி 300 சொற்களில் ஒரு கட்டுரை எழுதுக என்பதும் ஒரு நிபந்தனையாக அவனுக்குப் பிணை அளிக்கப்பட்டது. அது தண்டனையன்று, பிணையின் நிபந்தனையே. சில நாட்களில் அவ்வாணை திருத்தவும்பட்டது. ஆயினும், கட்டுரையெழுதும் மாணாக்கராகிய நாம் அச்செய்தியைப் படித்து நாணினோம். இரு உயிர்கட்கு ஈடாக 300 சொற்களோ என நாடு கேட்டதில் வியப்பென்னை?

அங்ஙனமாயின் தண்டனையைக் கடுமையாக்குதலே வழியன்றோ எனச் சிலர் வினவலாம். அவ்வழியும் முயன்று பார்க்கப்பட்டது. விபத்து விளைத்துவிட்டு, காவலர்க்கு அறிவியாது ஓடுவார்க்குப் பத்தாண்டு வரை சிறை எனப் புதிய சட்டத்தில் ஒரு விதி எழுதப்பட்டது. 2024 சனவரித் தொடக்கத்தில் லாரி ஓட்டுநர் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்யவே, சட்டத்தின் பிற பகுதிகள் நடைமுறைக்கு வந்தபோது அவ்விதி மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஓட்டுநர் கூறிய காரணம் எள்ளத்தக்கதன்று. நின்றால் கூட்டம் அடித்தே கொல்லும், ஓடினால் பத்தாண்டுச் சிறை என்றனர் அவர். காப்பளிக்க வகை செய்யாது கடுமை மட்டும் காட்டும் சட்டம் எளியோனை இருபுறமும் நெருக்குமேயன்றி, சாலையைத் திருத்தாது.

ஊர்தி ஓட்டி உயிர் போக்கிய வழக்குத் தமிழர்க்குப் புதியதன்று. பெரியபுராணம் கூறும் மனுநீதிச் சோழன் கதை அத்தகையதே. மன்னன் மைந்தனின் தேர்க்காலில் பசுவின் கன்று பட்டிறந்தது. மன்னன் தன் மைந்தன்மீதே தேரைச் செலுத்தினான். ஆனால் ஒன்று சிந்திக்க வேண்டும். கன்று தானே துள்ளித் தேர்க்காலிடைப் புகுந்தது. அவ்விளவரசன் வேண்டுமென்று செய்திலன். தண்டத்தின் கடுமையை நோக்கின் அது மிகையே. நாம் போற்றுவது அக்கடுமையையன்று. குற்றஞ் செய்தவன் அரசன் மகன் என்பதற்காகத் தராசு தாழாமையையே. திருவள்ளுவரும் செங்கோன்மை, கொடுங்கோன்மை என்னும் அதிகாரங்களையடுத்து வெருவந்த செய்யாமையை வைத்தார். கோல் வளையாதிருத்தல் வேண்டும். அஃது அஞ்சத்தக்க கோலாதலும் கூடாது.

பிறிதொரு பழஞ்சட்டமும் ஈண்டு நினைக்கத்தகும். முட்டும் இயல்புடைய மாடென்று அறிந்தும் அதனைக் கட்டிவையாத உடையவன், அம்மாடு ஒருவனைக் கொன்றால் தானும் குற்றவாளியாவான் என்கிறது யாத்திராகமம். நம் சாலைகளில் மாட்டை மட்டும் தண்டித்து உடையவனை விட்டுவிடுகின்றோம். நாளைக்கு எட்டு மணி நேரத்திற்கு மேல் ஓட்டுநனை வேலை வாங்கலாகாது என்பது 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தின் பொதுவிதியாக இருந்தது. உறக்கமின்றி ஓட்டியவன் கூண்டில் நிற்கின்றான். ஓட்டுவித்தவன் எங்கே நிற்கின்றான்? சாலையை விதிப்படி அமையாதார்க்கும் 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் பொறுப்பு வைத்தது. ஆயின் அதன் தண்டனை ஒரு லட்ச ரூபாய்க்கு மேற்படாத அபராதமேயாம்.

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, தண்டனைக்கு எழுதப்பட்டதோர் அளவுகோல். மளிமத் குழு 2003இலேயே இதனைப் பரிந்துரைத்தது. இங்கிலாந்தில் 2010 முதல் இதற்கெனவே ஒரு மன்றம் இயங்குகின்றது. குடித்திருந்தானா, விரைந்தானா, நின்று உதவினானா, ஓடினானா என்பவற்றிற்கேற்பத் தண்டனை ஏறவும் இறங்கவும் வேண்டும். அளவினின்றும் விலகும் நீதிபதி காரணத்தை எழுதிவைத்தல் வேண்டும். இஃது அவர்தம் உரிமையைப் பறிப்பதன்று. இரக்கத்திற்கும் ஒரு முறைமை தருவதே. இரண்டாவது, இழப்பீடு இறந்தார் குடும்பத்தின் உரிமையாக வேண்டும்; சிறைநாளைக் குறைக்கும் விலையாதல் கூடாது. மூன்றாவது, ஓட்டினவனோடு ஓட்டுவித்தவனும் மன்றத்தின் முன் நிற்றல் வேண்டும்.

இன்று நம்மோடு பயில்வாருள் சிலர் நாளை வழக்கறிஞராவர்; சிலர் நீதிபதிகளாகவும் ஆவர்; ஏனையோர் வாக்களிப்பர். தீர்ப்பொன்றைக் கேட்டவுடன், கொடிது என்றோ எளிது என்றோ கூறி அமைவது எவர்க்கும் எளிது. இதே குற்றத்தை வேறொருவன் செய்திருந்தால் இதே தீர்ப்புக் கிடைத்திருக்குமோ என்று கேட்டுப் பழகுதலே கற்றார்க்கு அழகு. அவ்வினாவிற்கு ஆம் என விடைகூற வல்ல நீதிமன்றத்தை, தண்டம் பெற்றவனும் குறைகூறான். உயிரிழந்தார் வீட்டாரும் குறைகூறார்.