மாப்பிள்ளையின் குருதி

சென்ற இதழில் வெளிவந்த சிறுகதையொன்றைப் பற்றி நண்பர்கள் பலர் சிலாகித்துப் பேசினார்கள். கதையை நினைவூட்டுகிறேன். நிக்காஹ்வுக்கு நாள் குறித்த பின்னர் மணப்பெண் ஒரு தலசீமியாக் காவி என்பது குருதிப் பரிசோதனையில் தெரியவருகிறது. யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாதென்று அவளாகவே விலகிக்கொள்கிறாள். கடைசிப் பந்தியில் மழை பெய்கிறது. நடை அழகானது, மறுப்பதற்கில்லை. ஆனால் வாசித்து முடித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கதையிலே மாப்பிள்ளை வருகிறார், அவருடைய உம்மா வருகிறார், கட்டார்ச் சம்பளம் வருகிறது, சாப்பாட்டுச் சஹன்கூட வருகிறது. மாப்பிள்ளையின் குருதி மட்டும் வரவில்லை. அதைக் கேட்கவேண்டுமென்று கதைமாந்தர் எவருக்கும் தோன்றவில்லை, எழுதியவருக்கும் தோன்றவில்லை, புகழ்ந்து பேசிய நம் விமர்சகப் பெருமக்களுக்கும் தோன்றவில்லை.

ஒரு கதையின் குறை என்று இதை விட்டுவிடலாம். ஆனால் நம் ஊர்களில் நடப்பதைத்தான் அந்தக் கதை அப்படியே எழுதி, அதற்குத் தியாகம் என்று பெயரும் சூட்டியிருக்கிறது.

கணக்கு மிக எளிது. ஈமோகுளோபினின் பீற்றாச் சங்கிலியை உண்டாக்கும் பரம்பரையலகு 11ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு பிரதிகள்: ஒன்று வாப்பாவிடமிருந்து, மற்றது உம்மாவிடமிருந்து. ஒரு பிரதி பழுதானவர் காவி. அவர் நோயாளி அல்லர். உழைப்பார், பிள்ளை பெறுவார், பேரப்பிள்ளை காண்பார். அவரது செங்குருதிக் கலங்கள் சற்றுச் சிறியவை, அவ்வளவே. காவியொருவர் பழுதேதும் இல்லாத ஒருவரை மணந்தால் பிள்ளைகளுள் எவருக்கும் இந்நோய் வராது. இருவரும் காவிகளாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகள் தப்பும் என்று ஆறுதல் சொல்வோரைக் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு கர்ப்பமும் புதிதாகச் சீட்டுக் குலுக்குவதுதான்; முந்திய சீட்டு எதையும் அது நினைவில் வைத்திருப்பதில்லை.

ஆகவே ஒரு பெண்ணின் பரிசோதனை அறிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எந்தத் திருமணத்தைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாது. பாதி வாக்கியத்தை வாசித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறோம்.

இதை நான் வெளியே நின்று சொல்லவில்லை. குருநாகல் மாவட்டத்துக் கிராமமொன்றில் என் ராத்தாவின் மகளுக்குச் சம்பந்தம் பேசியபோது மாப்பிள்ளை வீட்டார் குருதி அறிக்கை கேட்டார்கள். படித்த குடும்பம், விழிப்புணர்வுள்ளவர்கள் என்று நாங்கள் மகிழ்ந்துகூடப் போனோம். அறிக்கையில் ஈமோகுளோபின் ஏ2 மூன்றரை வீதத்தைத் தாண்டியிருந்தது. மூன்றாம் நாள் தரகர் வந்து "சரிவராது" என்றார். ராத்தா பாயில் படுத்துவிட்டா. நான் மருமகளுக்குச் சபூர் செய்யும்படி நீண்ட உபதேசம் ஒன்று செய்தேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "மாமா, அவர்ர ரிப்போட்ட நீங்க கேட்டீங்களா?" என்றாள். நான் கேட்டிருக்கவில்லை. இருபது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். அந்த மாப்பிள்ளை பின்னர் வேறோர் ஊரில் பரிசோதனை எதுவுமின்றி மணம் முடித்தார். அவர் காவியா இல்லையா என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது.

அந்த நோய் என்ன செய்யும் என்பதையும் சொல்லவேண்டும். பரிசோதனையே வேண்டாம் என்ற பக்கத்துக்கு நான் போகவில்லை. குருநாகல் வைத்தியசாலையின் தலசீமியாப் பிரிவில் ஒரு காலைப்பொழுது இருந்து பாருங்கள். மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை பாடசாலைப் பையோடு வந்து, ஊசி ஏறிய கையால் கொப்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் வீட்டுப்பாடம் எழுதும் பிள்ளைகள். குருதிப் பை ஒவ்வொன்றுடனும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உடலுக்குள் போகிறது. மிகுந்த இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. அது ஈரலிலும் இதயத்திலும் படிகிறது. சரியாக அகற்றாவிட்டால் இளமையிலேயே இதயம் நின்றுவிடும். விழுங்கும் மருந்துகள் வருமுன்னர், கிழமையில் ஐந்து ஆறு இரவுகள், எட்டு மணித்தியாலத்துக்கு மேல், வயிற்றுத் தோலில் ஊசியும் பக்கத்தில் சிறு பம்பியுமாகத் தூங்கவேண்டியிருந்தது. இப்போதும் பலருக்கு அதுதான் விதி. நம் நாட்டில் எக்காலத்திலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் சிகிச்சை வேண்டி நிற்பர் என்று 2000ஆம் ஆண்டில் லான்செட் சஞ்சிகையில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இதைத் தடுக்கக்கூடிய அறிவு கையிலிருக்க, அதைத் தொடாதே என்று சொல்வது பாவம் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அறிவு எது, அதன் பெயரால் நடக்கும் அநியாயம் எது?

குருதியில் ஓர் அடையாளத்தைக் கண்டு நோயைக் கணிக்கும் இந்த வித்தையின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் கானும் டோசியும் பீற்றாப் பரம்பரையலகின் அருகே டி.என்.ஏ. வெட்டுப்படும் இடத்தில் ஒரு வேறுபாட்டைக் கண்டார்கள். வழக்கமாக 7,600 எழுத்து நீளமுள்ள துண்டு, அரிவாள் கலநோய் உள்ள அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பெரும்பாலும் 13,000 எழுத்து நீளத்தில் இருந்தது. நோயை உண்டாக்குவது அந்த வேறுபாடு அன்று; பழுதான அலகுக்குப் பக்கத்து வீட்டில் அது குடியிருந்தது, அவ்வளவுதான். பின்னர் சவூதியிலும் இந்தியாவிலும் பார்த்தபோது அதே நோய் அந்த அடையாளம் இல்லாமலே இருந்தது. ஒரு குடும்பத்தில், ஒரு மக்கள் கூட்டத்தில் பொருள் தரும் குறி இன்னொன்றில் வெறும் கீறல். தாயையும் தகப்பனையும் சேர்த்து வாசிக்காமல் குறியை வாசிக்க முடியாது என்பது இந்த விஞ்ஞானத்தின் முதற்பாடம்.

இரண்டாம் பாடம் நம் மண்ணிலேயே கிடைத்தது. 2018இல் காலமான ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் டேவிட் வெதரோல் இலங்கை வைத்தியர்களோடு சேர்ந்து குருநாகலில் நீண்டகாலம் ஆராய்ந்தார். பீற்றாத் தலசீமியாவோடு ஈமோகுளோபின் 'ஈ' சேர்ந்த பிள்ளைகள் அங்கு பலர். ஒரே சோடிப் பழுதை உடைய இருவரில் ஒருவர் மாதந்தோறும் குருதி ஏற்ற, மற்றவர் குருதியே ஏற்றாமல் வளர்ந்து பெரியவராவதும் உண்டு. இப்போது எழுத்துக்கு எழுத்து வாசிக்க முடிகிறது. ஆனாலும் எழுத்து மட்டும் முழுக்கதையையும் சொல்லிவிடுவதில்லை.

இந்தப் பழுது ஏன் இத்தனை பேரிடம்? மலேரியா. காவிகளை மலேரியா எளிதில் கொல்லவில்லை என்ற கருத்தை ஹோல்டேன் 1949இல் வெளியிட்டார். கொசுக் காட்டில் பிழைத்த மூதாதையர் விட்டுச்சென்ற தழும்பு இது. 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் நமக்குக் கிடைத்தது, தழும்பு மிஞ்சியிருக்கிறது. நம்மைப் பிழைக்கவைத்த அதையே ஒரு பெண்ணின் நெற்றியில் வசையாக ஒட்டுகிறோம். அரபு வணிகரின் குருதி எங்கள் நாளங்களில் ஓடுகிறது என்று மீலாத் மேடைகளில் முழங்குவோரிடம் ஐந்து மில்லிலீற்றர் கேட்டுப் பாருங்கள், எழுந்து போய்விடுவார்கள். (குருநாகலில் காணப்படும் முதன்மையான எழுத்துப் பிழையே பஞ்சாபிலும் ஓமானிலும் இந்தோனேசியாவிலும் இருக்கிறது. அது எந்த வம்சத்தையும் பார்த்து வரவில்லை.)

ஈரானில் 1997இலிருந்து திருமணத்துக்கு முன் பரிசோதனை கட்டாயம். அங்கே முதலில் குருதி கொடுப்பவர் ஆண். அவருடைய செங்குருதிக் கலங்கள் சிறியவையாக இருந்தால் மட்டுமே பெண்ணை அழைக்கிறார்கள். காரணம் எளியது. இரும்புச்சத்துக் குறைவாலும் கலங்கள் சிறுக்கும், அது பெண்களிடமே அதிகம்; ஆணில் தொடங்கினால் குழப்பம் குறையும். ஆண் தெளிவானவர் என்றால் பெண்ணின் கையில் ஊசியே ஏறவேண்டியதில்லை. நம் நாட்டில் 'ஈ' வகையும் இருப்பதால் கலங்களின் பருமனோடு நிற்காமல் ஆணின் ஈமோகுளோபின் வகைகளையும் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒரேயொரு குழாய் குருதி. அதைக் கொடுக்க எந்தப் பொருத்தனையும் தேவையில்லை.

இதைச் சொன்னால் இரண்டு பக்கத்திலிருந்தும் கல் வருகிறது. ஒரு சாரார் கத்ர் என்கிறார்கள். அம்வாஸ் கொள்ளைநோய் பரவிய வேளையில் உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்குள் நுழையாமல் பாதி வழியில் திரும்பிய வரலாற்றை அவர்களே குத்பாவில் சொல்லியிருக்கிறார்கள். நான் புதிதாக எதுவும் சொல்லத் தேவையில்லை. மறு சாரார் மச்சான் மச்சினன் சம்பந்தம்தான் எல்லாவற்றுக்கும் காரணம், அதை நிறுத்துங்கள் என்கிறார்கள். காவியான ஒருவரின் பழுதை அவருடைய மச்சியும் கொண்டிருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. அந்நியப் பெண்ணிடம் நூற்றுக்கு இரண்டு மூன்று. வித்தியாசம் பெரிதுதான். ஆனால் பரிசோதிக்காத அந்நியச் சம்பந்தத்தைவிடப் பரிசோதித்த மச்சிச் சம்பந்தம் பாதுகாப்பானது.

சைப்பிரசையும் ஈரானையும் அப்படியே நகலெடுக்க முடியாது என்பதும் உண்மை. அங்கே இருவரும் காவிகளான பல சோடிகள் பிரியவில்லை. மணந்து, கருவைப் பரிசோதித்து முடிவெடுத்தார்கள். ஈரானில் 2005இல் அதற்குச் சட்டமே வந்தது. மக்காவின் பிக்ஹ் சபை 1990இல் 120 நாட்களுக்கு முன் கடுமையான பழுதுக்கு அனுமதி சொல்லியிருக்கிறது. நமது 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையோ தாயின் உயிரைக் காக்க அன்றி எதற்கும் இடம்தரவில்லை. எனவே இங்கே நிக்காஹ்வுக்கு முந்திய அந்த ஒரு குழாய் குருதியே பெரிய வாசல். அந்த வாசலில் பெண்ணை மட்டும் நிறுத்தி வைத்தால் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அறிக்கையை ஒளிப்பார்கள், ஆய்வுகூடத்தை மாற்றுவார்கள், பரிசோதனையையே தவிர்ப்பார்கள். ஒளிக்கிறார்கள், எனக்குத் தெரியும். அதன் விலையைக் கொடுப்பது பாடசாலைப் பையோடு வரும் அந்தப் பிள்ளை.

1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாகச் சட்டம் எழுதப்பட்டபோது மணமகளின் கையொப்பத்துக்கு அதில் இடம் வைக்கவில்லை. கையொப்பம் கேட்காதவர்கள் குருதியை மட்டும் கேட்கிறார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் நான் கேட்பது ஒன்றே. திருமணத்துக்குக் கடிதம் கேட்டு வரும் மாப்பிள்ளையிடம், மஹரைப் பற்றி விசாரிக்கும் அதே மேசையில், அவருடைய அறிக்கையை முதலில் கேளுங்கள். கதாசிரியரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அதே கதையை மறுபடி எழுதுங்கள். மழை இருக்கட்டும். மாப்பிள்ளையைக் காலை ஏழரை மணிக்குச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வைத்தியசாலை வரிசையில் நிற்க வையுங்கள்.